டெபாசிட் எந்தப் பக்கம்

புதுக்கடை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கிளாராவும் நானும் பொருளாதாரப் பாடம் எடுக்கிறோம். இருவருக்கும் ஒரே அறை, ஒரே மின்விசிறி. அந்தப் பாழாய்ப்போன விசிறியும் அவள் மேசைக்கு மேலேதான் சுற்றும். நான் புலம்பினாலும் அவள் காதில் விழாது. அவளுக்கு ஒன்பது வருடமாக வேறு கவலை. நாட்டிலுள்ள வங்கிகள் வருடா வருடம் எவ்வளவு திறமையாக நடக்கின்றன என்று அளந்து, டாக்டர் பட்டம் வாங்க வேண்டும்.

அதை எப்படி அளப்பது என்று கேட்டால், ஊரே உட்கார்ந்து சாப்பிடும் சர்ச் அசன விருந்தைச் சொல்வாள். ஒரே அளவு அரிசியும் பருப்பும் விறகும் கொடுத்தால் ஒரு சபையில் ஐந்நூறு பேர் சாப்பிட்டு எழுவார்கள், இன்னொரு சபையில் முந்நூறு பேருக்கே கறி தீர்ந்துவிடும். வங்கிக்கும் அப்படித்தான். ஆட்கள், கிளைகள், செலவு எல்லாம் போடுகிற பக்கம். அவற்றால் விளைவது எடுக்கிற பக்கம். இரண்டையும் பல வருடங்களுக்கு ஒப்பிட்டால் எந்த வங்கி தேறுகிறது, எது தேய்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்தப் பட்டத்தை நம்பி வளைகுடாவில், தம்மாமில் ஒருவர் இருந்தார். கிளாராவின் கணவர் அனீஷ், கட்டுமானக் கம்பெனியில் ஃபோர்மேன். கல்யாணமான மறுமாதம் போனவர். வருடத்துக்கு ஒரு லீவு. மகள் ஜினிஷாவுக்கு அப்பா என்றால் செல்போன்தான். பட்டம் வந்தால் கிளாராவுக்குக் கல்லூரியில் வேலை நிரந்தரமாகும், உடனே அவர் அங்கே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருவார் என்று இருவருக்குள்ளும் பேச்சு. அவர் அனுப்பிய பணமெல்லாம் ஜங்ஷனில் ஒரு வங்கியில் டெபாசிட்டாகக் கிடந்தது. அதே வங்கிதான் அவள் ஆய்வில் வருடா வருடம் முதலிடம். எங்களுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

போன ஜூலையில் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு. துணைக்கு நானும் போனேன். தேர்வாளர் பெங்களூரிலிருந்து வந்த தமிழர். அசனக் கதையை ரசித்துக் கேட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

“டெபாசிட்டை எடுக்கிற பக்கம் வைத்திருக்கிறீர்களே, ஏன்?”

“பேங்க் சேர்க்கிறதே அதைத்தானே, சார்?”

“அது ஜனங்கள் வங்கிக்குக் கொடுத்த கடன் அல்லவா? உங்கள் அசனத்து அரிசி மாதிரி. அந்தப் பணத்தை வைத்து யாருக்கு என்ன கடன் கொடுத்தார்கள் என்பதுதானே சாப்பாடு? உங்களைப் போல வைப்பவர்களும் உண்டு. காரணம் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.”

பேங்க் சேர்க்கிறது அதைத்தான் என்று அவள் மறுபடியும் சொன்னாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டியும் எங்கள் பக்கத்து மார்த்தாண்டத்துக்காரர்தான், அவருக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன? எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேச வந்தால்கூட, “பையன் அனுப்பினது பேங்குல கெடக்கு” என்பதுதான் முதல் பெருமை. பணம் கிடப்பதே பெரிய காரியம் என்று வளர்ந்தவர்களுக்கு வேறெப்படிப் புத்தி போகும்? கணக்கை மாற்றிக்கொண்டு மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள்.

“ஏட்டி, ஒரு பக்கத்த மாத்தணும், அவ்வளவுதானே? சவத்த விட்டுத் தள்ளு” என்றேன் பஸ்ஸில். அவள் அனீஷுக்குச் செய்தி அனுப்பினாள். பட்டம் கிடைக்கவில்லை, இன்னும் நாளாகும் என்று.

அடுத்த வாரம் எங்கள் அறையில் வைத்தே கணக்கை மாற்றினாள். டெபாசிட் போடுகிற பக்கம் போனதும் முதலிடத்து வங்கி சரசரவென்று இறங்கி, கடைசிக்குப் பக்கத்தில் போய் நின்றது. உள்ளே வந்த பணம் ஏராளம், அதைக்கொண்டு அவர்கள் செய்தது கொஞ்சம்.

“பாத்தியா ஜாஸ்பின், நம்ம பேங்கு எங்க கெடக்குன்னு.”

“பின்ன? வாங்கிப் பூட்டி வச்சா அப்படித்தான்.”

அவள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “ஜினிஷா அப்பாவுக்கு நாப்பத்தஞ்சு வயசு ஆயாச்சு. அவங்க அங்க கெடக்கியத நான் செலவுல எழுதவே இல்லையே. பேங்குல கெடந்தத மட்டும்லா வரவுன்னு பாத்துட்டு இருந்தேன்.”

அப்புறம் அழுதாள். அழுகிறவர்களைத் தேற்ற எனக்குத் தெரியாது, கோபம்தான் வரும். “இங்க இருந்து அழுது என்னத்துக்கு? அவருக்குப் போனப் போடு” என்று கத்தினேன்.

ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

“நீங்க வந்திருங்க. பட்டமும் வேண்டாம், பெர்மனென்டும் வேண்டாம். மொத்தமா வந்திருங்க.”

அனீஷ் இரைச்சலை விட்டுத் தள்ளிப் போய்ப் பேசினார். “ஏட்டி, நீதானே இன்னும் நாளாகும்னு சொன்ன? அதான் இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். நேத்தைக்குத்தான் போட்டேன், கேட்டியா.”

“நேத்தைக்கா?”

“நேத்தைக்குத்தான். இனி பாதியில வேலைய விட்டா இத்தன வருசத்து சர்வீஸ் காசு போயிரும். சம்பளம் கூட்டியிருக்கு, மக்கா. அதையும் பேங்குல போட்டிரு.”

ஜனவரியில் மறுபடி தேர்வு. அதே தேர்வாளர். கிளாரா தடுமாறாமல் எல்லாவற்றையும் விளக்கினாள். முடிவில் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“இப்போது டெபாசிட் எந்தப் பக்கம்?”

“போடுகிற பக்கம், சார்.”

“சந்தேகம் ஒன்றும் இல்லையே?”

“இல்லை சார். எங்க வீட்டில கல்யாணம் ஆன நாளிலேர்ந்து போட்டுக்கிட்டுதான் இருக்கோம்.”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுந்து, “வாழ்த்துகள், டாக்டர் கிளாரா” என்றார். வெளியே வந்ததும் அவள் தம்மாமுக்கு அழைத்தாள். வேலை நேரம், அவர் எடுக்கவில்லை.