இருளாண்டி அண்ணனின் கீழ்க்குரல்

போன செவ்வாய்க்கிழமை காலை திருமங்கலம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது எங்கள் குழுவின் பாண்டியம்மாள் போன் செய்தாள். "இருளாண்டி அண்ணே போயிட்டாருண்ணே." பேரையூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. இனி அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்று ஒரு கணம் நிம்மதிதான் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நாட்டுப்புறப் பாட்டுக்குழுவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நாங்கள் நான்கு குரல். நான் முன்பாட்டு. பாண்டியம்மாளும் அவள் தங்கை செல்வியும் மேலே எடுப்பார்கள். பகலெல்லாம் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் இருளாண்டி அண்ணன், எங்கள் மூவருக்கும் அடியில் கனமாக இழுத்து வருவார். "நீ பயப்படாம மேல போ மாப்ள. விழுந்தா நான் கீழ இருக்கேன்" என்பார். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் பாதிப் பாட்டில் என் தொண்டை கட்டிக்கொண்டது. என் வரிகளையும் அவரே சேர்த்துப் பாடி முடித்தார். கைதட்டலை நான் வாங்கிக்கொண்டேன்.

பிறகு மதுரையில் ஒரு பாட்டைப் பதிவு செய்தோம். மறுவாரம் ஸ்டூடியோக்காரர் என்னை மட்டும் கூப்பிட்டார். "அந்தப் பெரியவர் குரல் கரகரன்னு இருக்கு சார். எடுத்துட்டா நீங்க தனியாத் தெரிவீங்க." எடுத்துவிட்டுப் போட்டும் காட்டினார். எனக்குப் பிடித்திருந்தது. சரி என்றேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பாட்டுத்தான் ஊரெல்லாம் போனில் பரவியது. அண்ணன் அதை ஒரு டீக்கடையில் கேட்டிருக்கிறார். அடுத்த ஒத்திகைக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, "பாட்டு நல்லா வந்திருக்கு மாப்ள. என்னையத்தான் காணோம்" என்றார். மிஷின் கோளாறு என்று பொய் சொன்னேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. பாண்டியம்மாளும் செல்வியும் கேட்டா, தொண்டை சரியில்லை, நாந்தான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லிக்கிறேன்." அன்றும் என் பக்கத்தில் நின்றுதான் பாடினார். அதற்குப் பின் ஏழு ஆண்டுகள் சேர்ந்து பாடினோம். ஒருநாளும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

சாவு வீட்டில் அதே பாட்டை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அவர் மனைவி பேச்சியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடியில ஒரு சத்தம் ஓடும், அது நாந்தான்னு சொல்லுவாரு தம்பி. எனக்குத்தான் காது பத்தல. கேக்குதா?"

"கேக்குதுக்கா" என்றேன்.

நான் செய்ததைத் தன் வீட்டில்கூடச் சொல்லாமலே போயிருக்கிறார். அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெருந்தன்மைதான். அதை வைத்துக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. அக்கா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். உங்கள் காதில் குறையில்லை. அந்தப் பாட்டில் அவர் இல்லை. எடுக்கச் சம்மதித்தவன் நான்.