கறுப்பியும் ஒரு வெள்ளை உரப்பையும்

நாய்க்கு மூத்திரக் கடுப்பு வந்தால் வலி நாய்க்கு, தலையிடி மிருக வைத்தியருக்கு. கல்முனைப் பக்கத்தில் ஆடு மாடு பார்க்கத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். நாயோடும் நாய்க்காரரோடும் மல்லுக்கட்டும் சக பாவிகளே, இது உங்களுக்கு.

கோபக்கார நாய்

வரிப்பத்தான்சேனையில் வயல் செய்யும் உதுமாலெவ்வை மாமா ஒரு திங்கட்கிழமை வந்து, அறைக்கு வெளியே நின்றபடியே முறைப்பாட்டைத் தொடங்கினார். வயலில் அவர் தங்கும் குடிசையான வாடிக்கு நாலு வருடக் காவல், பெட்டை நாய் கறுப்பி. பன்றி இறங்கினால் முதல் குரல் அதனுடையதுதான். அப்படிப்பட்ட நாய் பத்து நாளாக வாடிக்குள்ளேயே மூத்திரம் பெய்கிறதாம், அதுவும் அவர் தொழுகிற இடத்துக்குப் பக்கத்தில். ஏசியதற்குப் பழிவாங்குகிறது என்பது மாமாவின் தீர்ப்பு. வெள்ளிக்கிழமை உழவு மெஷினில் ஏற்றித் தூரத்தில் விட்டுவிடப் போகிறாராம்.

அடிக்கடி குந்துகிறதா என்று கேட்டேன். குந்துகிறதாம், சொட்டுத்தான் வருகிறதாம், பின்பக்கத்தை நக்கியபடியே கிடக்கிறதாம். பழிவாங்குகிற நாய் சொட்டுச் சொட்டாகவா வாங்கும்? மூத்திரம் என்ன நிறம் என்று கேட்டதும் மனிதர் ஓரடி பின்னுக்குப் போனார்.

“அதப் போய் ஆரு மகள் பாக்கிற? கண்டவுடன மண்ணப் போட்டுத் தண்ணிய ஊத்திருவன்!”

உரப்பை வைத்தியம்

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மார்க்கப்படி நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. எங்கள் வீட்டுக் குழாயடியிலும் எனக்கென்றே ஒரு மண் வாளி இருக்கிறது. ஆனால் மாமாவின் சுத்தத்தில் நோயின் அடையாளமும் சேர்ந்து கழுவப்பட்டுப் போயிருந்தது.

அன்றே வயலுக்குப் போய், கழுவிய வெள்ளை உரப்பை ஒன்றைக் கறுப்பி படுக்கும் இடத்தில் விரித்தேன். என் உதவியாளர் சிவநேசன் அகப்பை ஒன்றைத் தடியில் கட்டிக்கொண்டு கறுப்பியின் பின்னால் வரம்பு வரம்பாக அலைந்தார். அரை மணித்தியாலத்தில் உரப்பையில் ரோஸ் நிறத்தில் நாலைந்து சொட்டு. இரத்தம்! குந்தும்போதெல்லாம் கறுப்பி முனகியது. பாவம், வலியில் கிடந்ததை இத்தனை நாளும் குற்றவாளியாக்கி வைத்திருந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, கலங்கிய மூத்திரம் கொஞ்சம் கிடந்த அகப்பையைத் தூக்கிக் காட்டினார் சிவநேசன்.

“மிஸ், எங்கட அப்பா கரைவலையில மீன் பிடிச்சவர், நான் அகப்பையில இதப் பிடிக்கிறன்!”

வெள்ளிக்கிழமை

பரிசோதனையில் கிருமித் தொற்று என்று உறுதியானது. குளிசை கொடுத்தேன், தண்ணீர் நிறைய வைக்கச் சொன்னேன். அத்தோடு நிற்காமல், “வெள்ளிக்கும் வாடி நனைந்தால் நானே நாயை மெஷினில் ஏற்றிவிடுகிறேன்” என்று வாயையும் விட்டுவிட்டேன். அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளி காலை போனபோது உழவு மெஷின், பின்னால் இழுவைப் பெட்டி பூட்டித் தயாராக நின்றது. வாடித் தரையோ காய்ந்து கிடந்தது. கறுப்பி எழுந்து, சோம்பல் முறித்து, வரம்புவரை நடந்துபோய் ஒரே ஒரு தரம் குந்தி, நிம்மதியாகப் பெய்துவிட்டு வந்தது. நான் கைதட்டியே விட்டேன். மருந்தை இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும் என்றதற்கு மாமா ஓம் என்று தலையாட்டினார். பிறகு மெஷின் பெட்டியைக் கழற்றிவிட்டு, கறுப்பியைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்.

“மகள், ஏசினதுக்கு அதுக்கிட்ட மாப்புக் கேக்கணும், தூர நிண்டு கேட்டாப் போதுந்தானே?”

ஆகவே சக பாவிகளே, மண்ணைப் போட்டு மூடுமுன் ஒரே ஒரு தரம் நிறத்தைப் பார்த்துவிடுங்கள், ஏழு தரம் கழுவ எப்படியும் நேரம் இருக்கிறது.