அரைச் சுற்று

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்தால் ஜியாவுல்லா பாய் தலையிலுள்ள தொப்பியைக்கூடக் கழற்றுவதில்லை. கடைக்குப் பின்னால் வெயிலே படாத சுவர் அலமாரி ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். டின் நிறைய டார்ச் விளக்குகள். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் எடை பார்க்கிறார். பின்மூடியை மோந்து பார்க்கிறார். லுங்கி முனையால் துடைத்துத் திரும்பப் படுக்க வைக்கிறார். எதையும் எரியவிட்டுப் பார்ப்பதில்லை.

"எரியுதான்னு பாக்க மாட்டீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டால் போச்சு.

"தூங்கற கொழந்தைய தட்டி எழுப்பி, தூங்கறியான்னு கேப்பியா நீ?"

பாய்க்குத் தொழில் ஜிப் ரிப்பேர். ரமணாசிரமம் பக்கத்துச் சந்தில் முன்னறை கடை, பின்னால் வீடு. பல் போன ஜிப், வாய் பிளந்த ஜிப், பாதி வழியில் சண்டித்தனம் பண்ணுகிற ஜிப் எல்லாம் அவரிடம் வந்து சேரும். ரன்னரைக் கழற்றி மாட்டி, சர்ரென்று இழுத்துக் காட்டிவிட்டுக் கடையில் இருக்கிற எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். யாராவது "சபாஷ்" சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் அவரே சொல்லிக்கொள்வார்.

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அந்தச் சான்றிதழ்ப் பையின் ஜிப் போனபோது அவரிடம்தான் கொண்டுபோனேன். அலுமினிய ரன்னரைத் தூக்கி எறிந்துவிட்டுப் பித்தளையில் போட்டார். "மொத டிகிரி உள்ள குந்திக்கினு இருக்குது. சாதா ரன்னர் போட்டா அதுக்கு மருவாதி இல்ல." இப்போது அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன்.

டார்ச்சுகள் வந்த கதை எளிது. பனிக்காலம் முழுக்க இங்கே தங்கிவிட்டு, வெயில் ஏறியதும் ஊர் திரும்புகிற வெள்ளைக்காரர்கள் கிளம்பும் அன்று பையின் ஜிப்பைச் சரிசெய்ய ஓடி வருவார்கள். பை மூடாது. எடையைக் குறைக்க அதிலிருந்து எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். துண்டோ புத்தகமோ தந்தால் பாய் வாங்க மாட்டார். டார்ச் என்றால் கை தானாக நீளும். அடுத்த வருடம் வருகிறவர்களிடம் கூலிக்குப் பதில் ஒரு கோரிக்கை வைப்பார்: "காசு ஒண்ணும் வேணாம். லித்தியம் கட்டை கொண்டாங்க."

கட்டை என்றால் பேட்டரி. சாதா பேட்டரி மீது அவருக்குத் தீராத பகை. கடைச் சுவரில் ஓர் ஆணியில், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போன டார்ச் ஒன்று தொங்குகிறது. அது அவருடைய முதல் டார்ச். சாதா பேட்டரியோடு அலமாரியில் வைத்து மறந்துபோனது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார். "இது மையத்து, செத்த பொணம். உள்ளயே கக்கி வெச்சிடுச்சு. லித்தியம் கக்காது. வெல ஜாஸ்திதான், ஆனா வருசக்கணக்கா வயித்துல வெச்சிருந்தாலும் டார்ச்சுக்கு ஒண்ணும் ஆவாது."

சார்ஜ் ஏற்றுகிற லித்தியம் என்றால் வேறு விதி. "பாதி வயிறுதான் ரொப்பி வெக்கணும். முழுசா ரொப்பி நம்ம ஊரு வெயில்ல போட்டா உப்பிக்கும்." எல்லா விதிக்கும் மேலே ஒரு விதி உண்டு. டின்னுக்குள் போகும் முன் பின்மூடியை அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். அப்போதுதான் பேட்டரிக்கும் விளக்குக்கும் தொடர்பு அறும். தெரியாமல் பட்டன் அமுங்கினாலும் எரியாது, சும்மா கிடக்கையில் சொட்டுச் சொட்டாகத் தீரவும் தீராது. திருகு மூடி இல்லாத விளக்கு என்றால் பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே பால் கவர் துண்டு ஒன்றைச் செருகி வைப்பார்.

"என் நகைக்குக்கூட இந்த வீட்டுல இப்படி ஒரு டப்பா கெடையாது" என்பது மனைவி பீபி ஜானின் நிரந்தரப் புகார். அவருடைய தம்பி ரபீக் வேலூரிலிருந்து வரும்போதெல்லாம் செல்போன் டார்ச்சைப் போட்டு மச்சானின் முகத்தில் அடிப்பான். "பாக்கெட்டுலயே லைட்டு இருக்குது மச்சான். நீங்க இன்னும் டப்பாவ கட்டிக்கினு அழறீங்க."

போன கார்த்திகையில், பாயின் ஒரே மகள் உஸ்மாவின் கல்யாணத்தன்று, புயல் மழை பிடித்துக்கொண்டது. அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ், வீட்டில் விருந்து. முதல் நாளே கரண்ட் போயிற்று. காலையில் இன்வெர்ட்டர் போயிற்று. மதியத்துக்குள் வீட்டிலிருந்த செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. ரபீக் சொல்லிவைத்த ஜெனரேட்டர் வண்டி, ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறியதால் கீழ்பென்னாத்தூரிலேயே நின்றுவிட்டது. அவன் மட்டும், "வந்துக்கினே இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

நாலு மணிக்கே ஊர் மீது இருட்டுக் கவிழ்ந்துவிட்டது. மலை இருந்த திசைகூடத் தெரியவில்லை. சமையலுக்கும் பந்திக்கும் போட்ட தகர ஷெட்டில் ஏற்றிய மெழுகுவத்திகளைச் சாரல் ஊதி அணைத்தது. அடுப்பு வெளிச்சம் தேக்சாவின் வயிற்றோடு நின்றுவிட, அந்தப் பெரிய பாத்திரத்தின் வாய்க்குள் ஒன்றும் தெரியவில்லை. பிரியாணி மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அரிசிப் பதம் கண்ணால பாக்கணும் பாய். இருட்டுல வடிச்சா ஒண்ணு கஞ்சி, இல்லன்னா கல்லு. சம்பந்தி மூஞ்சில நீங்க முழிப்பீங்களா? நான் தம் போட மாட்டேன்."

மாப்பிள்ளை வீட்டார் ஆரணியிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். நிக்காஹ் முடிந்து வருகிறவர்களுக்குச் சோறு இல்லை என்றால், புகுந்த வீட்டில் உஸ்மா ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். பெண்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பாய் மட்டும் சிரித்தார்.

"ஏன்டா எல்லாரும் எழவு வூடு மாதிரி குந்திக்கினு இருக்கீங்க? இருங்க!"

உள்ளே போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். சிரிப்பு இல்லை.

"டின்னு எங்க?"

ரபீக் தலையைச் சொறிந்தான். "ரூம் ஒழிக்கும்போது நான்தான் மச்சான் எடுத்தேன். ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்தேன். எல்லாம் டெட்டு. காயலாங்கடைக்குப் போற மூட்டையில கொட்டிட்டேன்."

மருதாணிக் கைகளோடு கதவருகே நின்ற உஸ்மாதான் கேட்டாள்: "மூட்டை போயிடுச்சா மாமூ?"

"மழைக்கு அந்த ஆளு எங்க வந்தான்? படிக்கட்டு கீழ கெடக்குது" என்றார் பீபி ஜான்.

பாய் மூட்டையை இழுத்துவந்து அவிழ்த்தார். பழைய இரும்புக்கும் உடைந்த வாளிக்கும் நடுவிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்தார். மூடியை அரைச் சுற்று முறுக்கி, பட்டனை அமுக்கினார். வெள்ளை வெளிச்சம் ரபீக்கின் முகத்தில் அறைந்தது.

"இவன் டெட்டு?"

இன்னொன்று. அரைச் சுற்று. "இவன்? இவனும் டெட்டா? சொல்லுடா!"

"போதும் மச்சான், கண்ணு அவிஞ்சுடும்!"

"முறுக்கணும்டா, முறுக்கணும்! உங்க அக்காவுக்குக்கூட தெரியும்!"

"எனக்குத் தெரியும்தான்" என்றார் பீபி ஜான். "இவன் எங்க கேட்டான்? அவன்பாட்டுக்குக் கொட்டிட்டான்."

அதன்பின் ஷெட்டில் நடந்தது தனித் திருவிழா. தலையில் கட்டுகிற விளக்கிலிருந்து பால் கவர் துண்டை உருவிவிட்டு, அதை மாஸ்டரின் நெற்றியில் பாயே மாட்டினார். குடைக்கம்பிகளில் டார்ச்சுகளைக் கட்டித் தகரத்திலிருந்து தொங்கவிட்டோம். தேக்சாவுக்கு நேர் மேலே பெரிய டார்ச்சைப் பிடித்தபடி ரபீக் பெஞ்சின் மீது நிறுத்தப்பட்டான். "ஆடாத! லைட் கம்பம் ஆடுமா?" என்று கீழிருந்து அதட்டல். மாஸ்டர் ஒரு பருக்கையை விரலில் நசுக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இப்போ வடி!" என்று கத்தியபோது, பாய் கை தட்டினார். எல்லோரும் தட்டினோம்.

அன்று வந்த பிரியாணி வாசனையில் மழையே கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. சம்பந்தி மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சுற்றிலும் தொங்குகிற வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்தார். "ஊரெல்லாம் கரண்ட் இல்லன்னாங்களே பாய்?"

"கரண்டா?" என்றார் ஜியாவுல்லா பாய். "அது எதுக்கு?"

உஸ்மா கிளம்பும் நேரம். அழுது சிவந்த முகத்தோடு காரில் உட்கார்ந்திருந்தாள். பாய் ஒரு சிறிய டார்ச்சை ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் அதை வாங்கிப் பட்டனை அமுக்கிப் பார்த்தாள். எரியவில்லை. சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

பாய் மெல்லத் திரும்பி ரபீக்கைப் பார்த்தார். அவர் போட்டிருந்த புது ஜிப்பாவில் காலர் கிடையாது. இருந்தாலும் இரண்டு கைகளாலும் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.