கோம்பை நாயும் காக்கிச் சட்டையும்

தேர்வாய் கண்டிகையில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். தொழிற்சாலை வாசலில் ஒரு கோம்பை நாய் சங்கிலியில் கிடக்கிறது. செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகவாய், அகன்ற மார்பு. இந்த இனத்தை இப்போது பார்ப்பதே அபூர்வம். விலா எலும்புகள் தெரிகின்றன.

காவலுக்கு நிற்கும் பெண்ணிடம், "சாப்பிடாதா?" என்கிறேன்.

"எங்கூட்டுக்காரர் குட்டியிலேர்ந்து வளத்ததுங்க. வேற யார் கையாலயும் துன்னாது. அவரு மாரடைப்புல பூட்டாரு. காரியம் முடிஞ்சதும் அவர் வேலைய எனக்குக் குடுத்தாங்க. அன்னிலேர்ந்து இது வெறும் பாலுதான் நக்குது."

கணவரின் காக்கிச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, கறிச்சோற்றோடு கிட்டே போகிறார். நாய் சட்டையை முகர்ந்ததும் வாலை ஆட்டி எழுகிறது. பிறகு அண்ணாந்து அவர் முகத்தைப் பார்க்கிறது. வால் தொங்கிவிடுகிறது.

"நானும் அவரத்தான்டா தேடிக்கினு கீறேன்," என்று அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிடுகிறார்.