கருத இடமுண்டு

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கான நினைவு மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக் கட்டுரையும் எனக்காகச் சிறுகதையும் எழுதுகிறவள் நான்தானே. அச்சகம் அன்று மாலைக்குள் கேட்டிருந்தது. புலம்பெயர்ந்து வந்த மனுரேவாவில், அண்ணா வீட்டுக் குசினி மேசையில், நான் எழுதியதை அவர் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது: ‘எங்களைப் பிரிந்து கொழும்பில் இருந்த ஆண்டுகளிலும் அவர் குடும்பத்தை மறக்கவில்லை என்று கருத இடமுண்டு.’

“கருத இடமுண்டோ? அப்பாவைப் பற்றித்தானே எழுதுறாய்?”

“ஆதாரம் இல்லாமல் வேறெப்படி எழுதுறது?” எனக்கும் சூடேறிவிட்டது.

அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மடிக்கணினியை வெடுக்கென்று இழுத்து அந்த வரியை அழித்தேன். கதைக்கு எழுதுவதுபோல எழுதினேன்: ‘கொழும்பு அறையின் ஜன்னலருகே நின்று, மாலைதோறும் அவர் எங்கள் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார்.’

அண்ணாவின் முகம் இளகியது. “ஓம், இப்பிடித்தான் எழுதவேணும். அம்மா, கேளுங்கோ.” உரக்க வாசித்தார்.

அம்மா குழாயைப் பூட்டினார். திரும்பவில்லை.

“முதல் எழுதினதையே போடு பிள்ளை,” என்றார். “அதுவே அவருக்குக் கூடிப்போச்சு.”