மாமியார் பெயரில் காய்ச்சல் சிரப்

இன்று மாலை மயிலாப்பூரில் நடந்ததை உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

பள்ளிவிட்டு வந்ததும் மகனுக்குக் காய்ச்சல். நாளை மட்டும் போய்விட்டால் லீவே போடாததற்கான பரிசு அவனுக்குத்தான். காலையில் சிரப் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினேன்.

அங்கே அவனோடு படிக்கும் ஆயிஷாவின் அம்மா. கையில் அதே சிரப்.

"யாருக்குங்க?"

"மாமியாருக்கு" என்றார். "உங்களுக்கு?"

"எனக்கும் மாமியாருக்குத்தான்" என்றேன் கூசாமல்.

கடைக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லை. "ரெண்டு மாமியாருக்கும் ஸ்ட்ராபெரி ஃப்ளேவரே குடுத்துடவாம்மா?"

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். "எனக்கும் ஒண்ணு குடுங்க. பொண்ணுக்கு ஜுரம், நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பியே ஆகணும்."

திரும்பினால் எங்கள் கிளாஸ் மிஸ்! காய்ச்சலோடு அனுப்பாதீர்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் விடாமல் எழுதுகிறவர்!

மிஸ் எங்களைப் பார்த்தார். "எனக்கு லீவு கிடைக்கலைங்க" என்றபோது குரல் இறங்கிவிட்டது.

ஆயிஷாவின் அம்மாதான் பட்டென்று சொன்னார். "நான் வீட்லதான இருக்கேன் மிஸ். மூணு பசங்களையும் எங்க வீட்ல விடுங்க, கஞ்சி வெச்சுத் தரேன். பரிசு கிடக்கட்டும்."

அவ்வளவுதான், நாளைக்கு மூவருக்கும் லீவு! எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மாமியாரிடமிருந்து போன். "எனக்கு ஜுரமாமே?"

கடையில் இருந்தவர்களில் போட்டுக்கொடுத்தது யார்? கமெண்டில் வந்து ஒப்புக்கொள்ளவும்.