பெஞ்சுக்காரிகளின் எழுத்தாளர்

ஆழமான முனையிலிருந்து ஆழம் குறைந்த முனைக்கு லுட்மிலா பாவ்லாக் நடந்துகொண்டிருக்கிறார். கனத்த தேகம். நடக்கும்போது தொடைகள் குலுங்குகின்றன. ஈரத் தரையில் ரப்பர் செருப்பு சப்புச் சப்பென்று அறைகிறது. கழுத்தில், பழைய ஷூ நாடாவில் கட்டிய விசில். மேலே துண்டு கிடையாது. தோருன் நகரத்தின் அந்த நீச்சல்குளத்தில் வேலை பார்க்கும் மற்றப் பயிற்சியாளர்கள் அரைக்கால் சட்டையும் பனியனும் போட்டுக்கொள்கிறார்கள். லுட்மிலா மட்டும் நாள் முழுக்க நீச்சலுடையிலேயே இருக்கிறார். அதன் நிறம் எலுமிச்சை மஞ்சள்.

மஞ்சளுக்குக் காரணம் உண்டு. அவருடைய அளவுக்குக் கடைகளில் கிடைப்பது கறுப்பு, இல்லாவிட்டால் கருநீலம். "ஒல்லியா இருக்கறவங்களுக்குக் கிளி, பூ, தர்பூசணியெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க. நமக்குன்னா எழவு வீட்டுத் துணி. நான் என்ன, எனக்கே துக்கம் காக்கணுமா?" என்று ஒரு கடையில் கேட்டுவிட்டு வெளியே வந்தவர், துணி வாங்கித் தானே தைத்துக்கொண்டார். தையல் அவருக்குச் சரியாக வராது. இடுப்புப் பக்கம் ஒரு சுருக்கம் விழுந்திருக்கிறது. அதை அவர் திருத்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

காலையில் மூட்டுவலிக்காகத் தண்ணீருக்குள் உடற்பயிற்சி செய்ய வரும் வயதான பெண்கள் அவரை லூஷா என்று கூப்பிடுவார்கள்.

"அடியே லூஷா, நீ இறங்கினா தண்ணி ஒரு சாண் ஏறுது. சட்டுனு இறங்குடி, எங்களுக்குக் கழுத்து வரைக்கும் கதகதப்பா இருக்கும்."

"இறங்கறேன். முதல்ல நீங்க முழங்காலைத் தூக்குங்க. நீங்க தூக்கறது முழங்கால் இல்லை, சுண்டுவிரல்."

இந்தக் கேலி அவருக்குப் பிடிக்கும். அதில் யாரும் யாரையும் சீர்திருத்த வருவதில்லை. அவருக்குப் பிடிக்காதது அந்தப் பெஞ்சுதான்.

குளத்தின் நீளச் சுவரை ஒட்டி, சாய்மானம் வைத்த மரப் பெஞ்சு ஒன்று கிடக்கிறது. பள்ளிக்கூடங்களின் நீச்சல் வகுப்பு நேரத்தில் அதில் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். கம்பளிச் சட்டை, ஜீன்ஸ், காலணிக்கு மேல் நீல நிற பிளாஸ்டிக் உறை. உள்ளே இருக்கும் சூட்டில் அவர்களுடைய மூக்கு நுனியில் வியர்வை நிற்கும். இவர்கள் எல்லாரும் மருத்துவரிடம் விலக்குச் சீட்டு வாங்கி வந்தவர்கள். காதுவலி, குளோரின் ஒவ்வாமை, சளி என்று சீட்டில் எழுதியிருக்கும். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது பெஞ்சில் ஓரிருவர்தான் இருப்பார்கள். பனி விழத் தொடங்குவதற்குள் பெஞ்சு நிறைந்துவிடும். இடையில் பெரிதாக எதுவும் நடந்திருக்காது. உடை மாற்றும் அறையில் யாராவது எதையாவது சொல்லியிருப்பார்கள். வேறு யாராவது சிரித்திருப்பார்கள்.

"இந்த ஊர்ல பொண்ணுங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு காதுவலி? பையன்களுக்குக் காதே கிடையாதா?" என்று உடன் வரும் ஆசிரியர்களிடம் லுட்மிலா கேட்பார்.

"டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. நாங்க என்னம்மா பண்றது?"

"அந்த டாக்டரை இங்கே கூட்டிட்டு வாங்க. அந்தப் பிள்ளைங்க பக்கத்துல கோட்டோட ஒரு மணி நேரம் உக்காரட்டும்."

பெஞ்சில் இருக்கிறவர்களைத் தண்ணீரில் தள்ள அவருக்கு உரிமை இல்லை. அதனால் அவர்களுக்காக எழுத ஆரம்பித்தார். குளம் திறப்பதற்கு முன்பு, உயிர்காப்பாளர்களின் கண்ணாடி அறையில், நீச்சலுடைக்கு மேல் அண்ணனின் பழைய மீன்பிடிக் கோட்டைப் போட்டுக்கொண்டு எழுதுவார். பக்கத்தில் பாலாடைக்கட்டி தடவிய ரொட்டியும் ஒரு குவளைப் புளித்த பாலும் இருக்கும். பதின்வயதினருக்கான நாவல்கள். நாயகி பெயர் கிங்கா. கிங்கா குண்டு; நீந்துவாள்; பொய் சொல்லுவாள்; தம்பியின் சைக்கிளை விற்றுவிட்டு மாட்டிக்கொள்வாள். முதல் நாவலின் முதல் பக்கத்தில் அவள் என்ன எடையோ, கடைசிப் பக்கத்திலும் அதே எடை. புத்தகத்தில் அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. புத்தகத்துக்கு வெளியே எல்லாருக்கும் கவலை.

எழுத்தில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கிங்கா கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்த்துக்கொள்ளும் காட்சி எந்த நாவலிலும் வராது. எந்தப் பையனும் அவளிடம் "நீ இப்படியே அழகுதான்" என்று சொல்லி அவளைக் கரையேற்ற மாட்டான். "முகம் மட்டும் நல்ல லட்சணம்" என்ற வாக்கியத்தைச் சொல்லும் பாத்திரம் எதுவாக இருந்தாலும், அடுத்த அத்தியாயத்துக்குள் அதற்கு ஏதாவது அசம்பாவிதம் நேரும். ஒன்றின்மேல் புறா எச்சமிட்டது. இன்னொன்று ரயிலைத் தவறவிட்டது.

நூலகக் கூட்டமொன்றில் ஒரு பெண் எழுந்து, நம்மை நாமே நேசிக்கக் கற்றுக்கொள்வது எப்படி என்று கேட்டாள். லுட்மிலா முகத்தைச் சுளித்தார். "நேசமெல்லாம் எதுக்கும்மா? காலையில எழுந்திரிச்சு நான் என் தொடையை நேசிக்கணுமா? எனக்கு வேலை கிடக்கு. என்னை நான் சும்மா விட்டாப் போதும். மத்தவங்களும் விட்டாங்கன்னா இன்னும் நல்லது." கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் அவர் மேல் பாய்ந்தார். அவருடைய மகள் ஆண்டு முழுவதும் பெஞ்சில் இருந்தவள். "நீங்க குண்டா இருக்கறதை விளம்பரம் பண்றீங்க. உங்க புத்தகத்தைப் படிச்சிட்டு என் பொண்ணு இன்னும் ரெண்டு பியரோகிக் கொழுக்கட்டை போடுங்கன்னு கேக்கறா."

"போட்டீங்களா?"

"போடலை."

"நான் நீச்சலைத்தான் சார் விளம்பரம் பண்றேன். உங்க பொண்ணு பசியோட, கோட்டைப் போட்டுக்கிட்டு பெஞ்சில உக்காந்திருக்கா. அதுல அவளுக்கு எங்கே ஆரோக்கியம் வருதுன்னு காட்டுங்க, நான் எழுதறதை நிறுத்திடறேன்."

தகப்பனார் குளத்தின் மேலதிகாரியிடம் புகார் செய்தார். மேலதிகாரி லுட்மிலாவைக் கூப்பிட்டு, ஒரு பனியனாவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்று தயவாகக் கேட்டார். லுட்மிலா தயவாக மறுத்துவிட்டார்.

ஆனால் இதுவரை வெளிவந்த இரண்டு நாவல்களின் அட்டையிலும் கிங்கா இல்லை. முதல் புத்தகத்தின் அட்டையில் தரையில் கிடக்கும் நீச்சல் தொப்பியும் கண்ணாடியும். இரண்டாவதன் அட்டையில் ஒரு பூனை. கதையில் அந்தப் பூனை ஒரே ஒரு முறை சுவர் தாண்டுகிறது. மூன்றாவது புத்தகத்துக்கு வார்சாவில் இருக்கும் பதிப்பகத்தின் பதிப்பாசிரியை யூலித்தா வாக்குக் கொடுத்தாள்: இந்த முறை அட்டையில் நிச்சயமாக ஒரு பெண், தண்ணீரில், முழு உருவம். படத்தையும் லுட்மிலாவின் குளத்திலேயே எடுக்கலாம். லுட்மிலா அதைப் பெஞ்சிலும் சொல்லிவிட்டார். அது அவர் வழக்கத்துக்கு விரோதமான காரியம். பெஞ்சில் உள்ளவர்களிடம் அவர் புத்தகம் பற்றிப் பேசுவதில்லை.

கேட்டவர்களில் கோர்நேலியா ஒருத்தி. எட்டாம் வகுப்பு, காதுவலிச் சீட்டு. அகன்ற தோள்கள், மடியில் எப்போதும் பை. வயிற்றுக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டுதான் உட்காருவாள், பேசுவாள், படிப்பாள். கிங்காவின் கதைகளுக்கு வேதியியல் பாடநூலின் மேலுறையைப் போட்டுப் படிக்கிறாள் என்பது லுட்மிலாவுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. "எப்ப டீச்சர் எடுக்கறாங்க?" என்று மட்டும் அவள் கேட்டாள். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை என்றார் லுட்மிலா. அன்று அவள் வகுப்பு நேரத்துக்கு முன்பே தனியாக வந்து, காலியான பெஞ்சின் நடுவில், நன்றாகப் பார்க்க வசதியான இடத்தில் உட்கார்ந்தாள்.

குளத்தில் பாதியைக் கயிறு கட்டிப் படப்பிடிப்புக்கு ஒதுக்கியிருந்தார்கள். விளக்குகள் நின்றன. யூலித்தா வந்தாள், புகைப்படக்காரர் வந்தார், கிங்காவாக நடிக்க வந்த பெண்ணும் வந்தாள். பெயர் நீனா, பதினேழு வயது. பூப்போட்ட நீச்சலுடை அவள் மேல் கொடியில் காயப் போட்டது மாதிரி தொங்கியது. பின்னால் கவ்விகள் போட்டு இறுக்கினார்கள். அவள் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. லுட்மிலா தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு நீட்டினார்.

"படம் முடியட்டும் மேடம். இப்ப சாப்பிட்டா வயிறு தெரியும்."

"எந்த வயிறும்மா?"

நீனா நெளிந்தாள். லுட்மிலா ஒரு பெரிய துண்டை எடுத்து அவளைச் சுற்றிப் போர்த்திவிட்டு யூலித்தாவிடம் போனார்.

"இந்தப் பிள்ளையையும் பட்டினி போட்டு நிக்க வச்சிருக்கீங்க. இவ கிங்கா இல்லையேம்மா."

"தண்ணிக்குள்ள பாதி உடம்பு தெரியாது லுட்மிலா மேடம். கன்னத்தைக் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் உப்ப வச்சுக்கலாம்."

"குண்டான பொண்ணு யாரும் கிடைக்கலையா? வார்சாவிலயா?"

யூலித்தா கெட்டவள் அல்ல. கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு அழுதவள். அதனாலேயே லுட்மிலாவுக்கு எரிச்சல் இரட்டிப்பாயிற்று. "விற்பனைக்காரங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க மேடம். அட்டையில குண்டா இருந்தா கடையில எடுத்துப் பார்க்கவே கூச்சப்படுவாங்களாம். வாசகிகள் தங்களை இப்படிப் பார்க்கத்தான் ஆசைப்படறாங்க. ஒரு நம்பிக்கை மாதிரி."

"நம்பிக்கையா? முந்நூறு பக்கம் அவ பேசறா, நீந்தறா, அடி வாங்கறா, திருப்பி அடிக்கறா. அவளை உள்ளே பூட்டி வச்சிட்டு வாசல்ல வேற ஒருத்தியை நிறுத்தறீங்க. படிக்கிற பொண்ணுக்கு என்ன புரியும்? உன்னைப் பத்தி எழுதலாம், ஆனா உன்னைக் காட்ட முடியாதுன்னுதானே?"

"ஒப்பந்தப்படி அட்டை எங்க பொறுப்பு," என்றாள் யூலித்தா, தரையைப் பார்த்துக்கொண்டு. "இன்னிக்கு இந்தப் படம் வந்தாத்தான் கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் வரும். இல்லைன்னா அடுத்த வருஷம். அதுவும் நிச்சயம் இல்லை. வம்பு பண்ற எழுத்தாளர்னு மேல ஏற்கெனவே பேச்சு இருக்கு. நான் உங்க பக்கம்தான், மேடம்."

இரண்டு வருட உழைப்பு அந்தப் புத்தகம். லுட்மிலா விலகி நடந்தார். நீனா தண்ணீரில் இறங்கினாள். விளக்குகள் எரிந்தன. லுட்மிலா பெஞ்சைக் கடக்கும்போது கோர்நேலியா மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், அவங்க யாரா நடிக்கறாங்க?"

"கிங்காவா."

கோர்நேலியா தண்ணீரைப் பார்த்தாள். "ஓ," என்றாள். பிறகு, லுட்மிலாவுக்கு ஆறுதல் சொல்வது போல, "பரவால்ல டீச்சர். அழகா இருக்காங்க," என்றாள்.

தகப்பனார் கத்தியபோதும், மேலதிகாரி பனியன் கேட்டபோதும் வராத கோபம் அந்தப் 'பரவால்ல'வுக்கு வந்தது. லுட்மிலாவின் கழுத்து சிவந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் குளத்தின் விளிம்பில் போய் நின்றார்.

அப்போது புகைப்படக்காரர் காமிராவிலிருந்து கண்ணை எடுத்தார். "அந்தப் பெஞ்சில இருக்கற பொண்ணு கொஞ்சம் வெளியே போய் நிக்கலாமா? பின்னால தெரியுது. படம் கெடுது."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். யூலித்தாவும் கோர்நேலியாவைப் பார்த்துப் புன்னகையோடு கையால் வாசல் பக்கம் காட்டினாள். காட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. என்ன காட்டுகிறோம் என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஆனால் கோர்நேலியா அதற்குள் எழுந்துவிட்டாள். பையை வயிற்றோடு அணைத்து, "சாரி, சாரி" என்று யாரும் கேட்காத மன்னிப்பைக் கேட்டபடி, சுவரோரமாக ஒட்டி நகர்ந்தாள். நகர்ந்துகொள்வதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி இருந்தது.

லுட்மிலா விளக்குகளுக்கு முன்னாலேயே குறுக்கே நடந்து பெஞ்சுக்குப் போனார்.

"எங்கே போறே? உக்காரு."

"படத்துல தெரியறேனாம், டீச்சர்."

"நல்லாத் தெரியட்டும். உக்காரு."

கோர்நேலியா பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஈரமும் மஞ்சளுமாக லுட்மிலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது பெஞ்சு முனகியது. தண்ணீருக்குள் நீனா ஏணியைப் பிடித்துக்கொண்டு, கவ்விகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கினாள்.

"மேடம்," என்றாள் யூலித்தா. "நீங்களும் படத்துக்குள்ள வர்றீங்க."

"தெரியும்."

"இன்னிக்கு விட்டா புத்தகமே வராமப் போகலாம். யோசிச்சுக்குங்க."

லுட்மிலா யோசித்தார். பிறகு செருப்பை உதறிவிட்டுக் கால்களை முன்னால் நீட்டினார். பின்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் பெஞ்சின் சாய்மானத்தின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அகல விரித்துப் போட்டுக்கொண்டு, காமிராவையே பார்த்தார்.